ஆடிப்பெருக்கு முடியாத வீடு

"என்ன மாப்ள, உங்க வீட்ல இன்னும் ஆடிப்பெருக்கு முடியலையா?"

காளிராஜ் மச்சான் இப்படிக் கேட்டபோது நான் சேவுப் பொட்டலத்தை முகர்ந்துகொண்டிருந்தேன். தின்னவில்லை, முகர்ந்துகொண்டுதான் இருந்தேன். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

மச்சான் என் மனைவி மாரீஸ்வரியின் அண்ணன். விருதுநகரில் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறார். மிளகாய் மூட்டைகளுக்கு நடுவிலேயே வளர்ந்த உடம்பு. எங்கள் ஆமத்தூர் வீட்டு வாசலில் அவர் செருப்பைக் கழற்றும்போதே உள்ளே நாங்கள் தும்ம ஆரம்பித்துவிடுவோம். இதனால் எங்கள் வீட்டுக்குக் காலிங் பெல் தேவைப்பட்டதில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை காலை. ஆவணி பிறந்து கொஞ்ச நாள் ஆகியிருந்தது. மச்சான் இரண்டாவதாக ஒரு கடை திறக்க நல்ல நாள் பார்க்க வந்திருந்தார். சிவகாசியில் காலண்டர் கம்பெனியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை இருக்கும்போது ஜோசியரிடம் ஏன் போக வேண்டும் என்பது அவர் கட்சி. காபியை உறிஞ்சியபடி சுவரைப் பார்த்தவர்தான் அப்படிக் கேட்டார்.

நானும் பார்த்தேன். எங்கள் வீட்டுத் தினசரி காலண்டர் ஆடி பதினெட்டில் நின்றுகொண்டிருந்தது.

"ஊருக்கெல்லாம் நாள் அச்சடிச்சுக் குடுக்கீக. சொந்த வீட்ல நாள் நகரலையே! எங்க, ஆவணியில முகூர்த்தம் எப்ப வருதுன்னு பாப்போம்" என்று எழுந்து போய் மேல்தாளைப் பிடித்தார்.

"தொடாதீக மாமா!"

தரையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த என் மகள் யாழினி பாய்ந்து வந்தாள். மூன்றாம் வகுப்பு. பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி, காலண்டருக்கு முதுகைக் காட்டி, இரண்டு கைகளையும் விரித்து நின்றுகொண்டாள். அவள் பின்னந்தலை இடித்துக் காலண்டர் ஆணியில் ஒருமுறை ஆடி நின்றது.

"என்னத்தா, பழைய தாளைத்தான கிழிக்கப் போறேன்?"

"கிழிக்கக் கூடாது."

"ஏன் கூடாது?"

"கூடாதுன்னா கூடாது."

நான்கு வயது முகிலுக்கு விஷயம் என்னவென்று தெரியாது. ஆனால் போராட்டம் என்றால் பிடிக்கும். "கூடாதுன்னா கூடாது" என்று கத்தியபடி மச்சானின் காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்ததும் தும்மினான்.

அடுத்த வருஷத்தில் குடியிருப்பவன்

நியாயமாக இந்த இடத்தில் நான் கேட்டிருக்க வேண்டியது, எங்கள் வீட்டில் நாள் நின்றுபோய் இத்தனை வாரம் ஆகியும் நான் ஏன் பார்க்கவில்லை என்பதைத்தான்.

காரணம் எளிது. நான் இந்த வருஷத்தில் வசிப்பதில்லை.

காலண்டர் தொழிலில் இருப்பவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் அடுத்த வருஷத்துக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தைப் பூஜை போட்டு வெளியிடுவார்கள். ஏஜெண்டுகள் அதைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக ஆர்டர் பிடிக்கக் கிளம்புவார்கள். ஆடியில் ஆல்பம் வர வேண்டுமென்றால் அதற்குப் பல மாதம் முன்னாலேயே அடுத்த வருஷம் தயாராகிவிட வேண்டும். அமாவாசை, பௌர்ணமி, கரிநாள், ராகுகாலம், அரசு விடுமுறை எல்லாம் புரூஃபாக என் மேசைக்கு வரும். நான் ஒவ்வொரு நாளாகப் படித்துச் சரிபார்ப்பேன். மாசியில் உட்கார்ந்தால் அடுத்த வருஷத்துப் பொங்கலில்தான் தலை நிமிர்வேன்.

நான் விருதுநகரில் எண்ணெய் பரோட்டா தின்று வளர்ந்தவன். அந்தப் பரோட்டாவை விட்டுவிட்டு நான் வந்து சேர்ந்த வேலை இதுதான்.

இருபது வருஷத்துக்கு மேலாக இதே வேலை என்பதால் மூளையே ஒரு வருஷம் முன்னால் ஓடப் பழகிவிட்டது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்துக்கு லீவ் லெட்டர் எழுதினால் அடுத்த வருஷத்துத் தேதியைப் போட்டுவிடுவேன். டீச்சர் ஒருமுறை, "அடுத்த வருஷம் காய்ச்சல் வரும்னு இப்பவே எப்படி சார் தெரியும்?" என்று கேட்டார்.

இந்த வேலையில் இன்னொரு இன்பம் உண்டு. தினசரித் தாளின் அடியில் பன்னிரண்டு ராசிக்கும் ஒற்றைச் சொல்லில் பலன் போடுவோம் இல்லையா? மேஷம் வரவு, மிதுனம் தடை, கடகம் களிப்பு என்று. தமிழ்நாட்டில் பல பேர் பல் துலக்கியதும் படிக்கிற முதல் இலக்கியம் அதுதான். அதைக் கடைசியாகப் பார்த்து விடுபவன் நான். என் ராசி ரிஷபம். ரிஷபத்துக்கு வரிசையாக நான்கு நாள் 'செலவு' என்று வந்தால் என் பேனா கொஞ்சம் துடிக்கும். ஆனாலும் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. நேர்மை என்று நினைக்க வேண்டாம். பயம்தான்.

தமிழ்நாட்டுக்கே முகூர்த்த நாள் படித்துக் கொடுத்தவனுக்குச் சொந்த முகூர்த்தம் வர முப்பத்தெட்டு வயதாயிற்று. ஜாதகம், வேலை, அக்கா கல்யாணம் என்று காரணங்கள் வரிசையில் நின்றன. கடைசியில் மாரீஸ்வரி வந்தாள். அங்கன்வாடியில் வேலை. ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் எடை போட்டுப் பார்க்கிறவள். கல்யாணமானதிலிருந்து என்னையும் எடை போட்டுக்கொண்டிருக்கிறாள்.

ஆக, என் வயதுக்காரர்கள் பிள்ளைகளுக்குக் கல்லூரி தேடும்போது நான் பென்சில் சீவிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் முழங்கால் வலியை உட்கார்ந்து அனுபவிக்கிறார்கள். எனக்கு அந்த வசதி இல்லை. என் முழங்காலில் எப்போதும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கிறது.

தம்பியாகப் போகும் அப்பா

இதெல்லாம் சிரிக்கிற விஷயமாகத்தான் இருந்தது, இந்த வருஷம் வரை.

எங்கள் வீட்டுக் கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்துச் சுவரில், அப்பாவின் போட்டோ இருக்கிறது. அப்பா லாரி டிரைவர். ஆலங்குளத்திலிருந்து சிமெண்ட் லோடு அடித்தவர். லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வரும்போது தலைமுடி, புருவம், மீசை எல்லாம் வெள்ளையாக இருக்கும். கிழவர் ஒருவர் உள்ளே வருவார். கிணற்றடிக்குப் போவார். நாலு வாளித் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்கும். இளைஞர் ஒருவர் துண்டோடு திரும்பி வருவார்.

குளித்தால் வயது போய்விடும் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தவன் நான்.

அப்பாவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு லாரியின் நிழலில் துண்டை விரித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. நான் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தேன். அவர் நாற்பத்தொன்பதைப் பார்க்கவில்லை.

சின்ன வயதில் போட்டோவில் அவர் எவ்வளவு பெரிய மனிதராக இருந்தார்! எனக்குக் கல்யாணமானபோது அண்ணன் மாதிரி ஆகியிருந்தார். இப்போது என் செட்டு. டீக்கடையில் பார்த்தால் தோளில் கைபோட்டுப் பேசலாம் போல இருக்கிறார். இன்னும் கொஞ்ச நாளில் நான் அவரைத் தாண்டிப் போய்விடுவேன். அப்புறம் அவரைத் தம்பி என்றுதான் கூப்பிட வேண்டும்.

தாண்டினால்.

அந்த ஒற்றைச் சொல்தான் எனக்குள் புகுந்துகொண்டது. ஒரு நாள் கம்பெனியில் புரூஃப் படித்துக்கொண்டிருந்தபோது, மேசையில் கிடந்த தாளின் ஓரத்தில் என் வயதைக் கணக்குப் போட்டேன். வருகிற மார்கழியில் நாற்பத்தொன்பது. காலண்டரின் கடைசித் தாள்களில் ஒன்று. அதற்குள் அப்பாவைப் போல நானும் எங்காவது நிழலில் துண்டை விரித்துவிட்டால்? முகிலுக்கு இன்னும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. மேல் பொத்தானைக் கீழ் ஓட்டையில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க ஒரு தோளைத் தூக்கியபடி திரிவான்.

நெஞ்சு படபடக்கத் தொடங்கியது அன்றுதான்.

நடக்க விடாத ஊர்

முதல் நடவடிக்கையாக நடைப்பயிற்சி. ஆமத்தூரில் அதற்கு வழியே இல்லை என்பது போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. காலையில் சிவகாசி ரோட்டில் கைகளை வீசி நடந்தேன். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிற பைக் ஒன்று நின்றது.

"என்ன அண்ணாச்சி, வண்டி ரிப்பேரா? ஏறுங்க."

"இல்லப்பா, சும்மா நடக்கேன்."

"சும்மா எதுக்கு நடக்கீக? வீட்ல சண்டையா?"

இல்லை என்று சொன்னால் சண்டை உறுதி என்று ஊருக்கே தெரிந்துவிடும். ஏறிக்கொண்டேன். அடுத்த நாள் ஒரு வேன், அதற்கடுத்த நாள் ஒரு டிராக்டர். நடைப்பயிற்சிக்குப் போய்த் தினமும் வண்டியில் வீடு திரும்பியவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அடுத்து, தலைக்குச் சாயம். மறுநாள் கம்பெனிக்குள் நுழைந்ததும் மெஷின்மேன் கருப்பசாமி எந்திரத்தையே நிறுத்திவிட்டான். அச்சில் நான்கு வண்ணமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்கார வேண்டும். உட்காராவிட்டால் ரிஜிஸ்டர் விலகிவிட்டது என்போம். அம்மன் படத்தில் உதடு ஓரிடத்திலும் உதட்டுச் சிவப்பு வேறிடத்திலும் இருக்கும்.

"அண்ணே, தலையில பிளாக் ஏறிப்போச்சு. மீசைல ரிஜிஸ்டர் விலகிருச்சு" என்றான்.

"வெளியில தெரியுதாலே?"

"இப்படி அச்சடிச்சா பார்ட்டி வாங்க மாட்டான்ணே."

மூன்றாவதாக உணவு. விருதுநகரில் பிறந்தவன் எண்ணெய் பரோட்டாவை விட்டேன். சேவை விட்டேன். மச்சான் வரும்போதெல்லாம் வாங்கிவரும் பொட்டலத்தை முகர்ந்து மட்டும் வைத்துவிடுவேன். முகர்வதில் கொழுப்பு ஏறாது என்று நம்புகிறேன்.

கடைசியாக டாக்டர். ரத்தம் எடுத்தார், நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் படம் எடுத்தார். பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல" என்றார்.

"ஒண்ணும் இல்லன்னா ஏன் சார் படபடங்குது?"

"என்ன வேலை பாக்கீங்க?"

"காலண்டர் கம்பெனியில, அடுத்த வருஷத்தைச் சரிபாக்கேன் சார்."

"அப்ப என்ன நடக்கும்னு உங்களுக்குத்தான் தெரியணும். என்கிட்ட கேக்கீங்க?" என்று அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்.

ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு என் பயம் இரண்டு மடங்கானது. அப்பாவுக்கும் ஒன்றுமில்லாமல்தானே இருந்தது? முகிலை முதுகில் உப்புமூட்டை தூக்குவதை நிறுத்தினேன். அவனுக்கு அது தினமும் சாயங்காலம் வேண்டும். நான் வீட்டுக்குள் நுழைந்ததும் பின்னால் வந்து என் வேட்டியைப் பிடித்து இழுப்பான். "நாளைக்குலே" என்பேன். நாளைக்கும் அதையே சொல்வேன். ஒரு கட்டத்தில் அவன் இழுப்பதை விட்டுவிட்டு, நுழைகிற என்னை ஒருமுறை பார்த்துவிட்டு டிவி பக்கம் திரும்பிக்கொள்ள ஆரம்பித்தான். அதையும் நான் சரியாகக் கவனிக்கவில்லை.

இன்னொரு ஆணி

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஸ்டூலில் நிற்கிறவளை இன்னும் இறக்கவில்லை.

சத்தம் கேட்டு மாரீஸ்வரி அடுப்படியிலிருந்து வந்தாள். காலண்டரைப் பார்த்தாள்.

"ஏய், தினமும் கிழிக்கிறது உன் வேலதானடி? நீ கிழிக்கேன்னு நான் போன்ல நாள் பாத்துட்டுக் கெடக்கேன். எதுக்குக் கிழிக்கல?"

யாழினியின் மூக்கு சிவந்தது. மச்சானின் வத்தல் நெடிதான் என்று முதலில் நினைத்தேன்.

"சொல்லு தாயி, அப்பா திட்ட மாட்டேன்" என்றேன்.

"நீங்கதான சொன்னீக."

"நான் என்ன சொன்னேன்?"

"இந்தக் காலண்டர் தீந்துட்டா தாத்தா பக்கத்துல ஆணி அடிச்சுத் தொங்கிருவேன்னு சொன்னீகள்ல."

முகில்கூட மச்சானின் காலை விட்டுவிட்டான்.

ஆடிப்பெருக்கு அன்று ஆல்பம் வெளியீடு முடிந்து, வழக்கம்போல முதல் மாதிரிக் காலண்டரோடு வீட்டுக்கு வந்திருந்தேன். அடுத்த வருஷத்துக் காலண்டர். பெரிய அட்டை, முருகன் படம், அடியில் தடித்த தாள்கட்டு, புது மை வாசம். "இதை மாட்ட ஒரு ஆணி அடிக்கணும்" என்றாள் மாரீஸ்வரி. நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்படியே எங்கப்பா பக்கத்துல இன்னொரு ஆணியும் அடிச்சு வையி. இந்தப் பழைய காலண்டர் தீர்றதுக்குள்ள எனக்கு ஆகும்" என்றேன். மாரீஸ்வரி கரித்துணியை என் மேல் எறிந்தாள். நான் சிரித்தேன். நல்ல கேலி என்றுதான் தோன்றியது. பயத்தை நான் எப்போதும் அப்படித்தான் வெளியே அனுப்புவேன், சட்டை மாட்டி, பவுடர் போட்டு. வெளியே போனது யார் காதில் போய்த் தங்குகிறது என்று பார்த்ததில்லை.

அது அன்று என் மகளிடம் போய்த் தங்கியிருக்கிறது. மறுநாள் காலையிலிருந்து அவள் காலண்டரைத் தீர விடவில்லை.

"இத இத்தன நாளா மனசுக்குள்ளயே வச்சிருந்தியா?" என்று மாரீஸ்வரி அவளை ஸ்டூலோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். அங்கன்வாடியில் எடை குறைந்த பிள்ளையின் தகப்பனைப் பார்க்கிற பார்வை.

கடன் வாங்கிக் கழித்தல்

"தாயி, அது சும்மா வெளாட்டுக்குச் சொன்னது" என்றேன்.

"பொய். நீங்க நெஞ்சத் தொட்டுத் தொட்டுப் பாக்கீக. உப்புமூட்ட தூக்க மாட்டேங்கீக."

மாட்டிக்கொண்டேன். உண்மையைச் சொல்வதென்று முடிவு செய்தேன். தாத்தா எந்த வயதில் போனார், எனக்கு இந்த மார்கழியில் எந்த வயது வருகிறது, அதனால் அப்பாவுக்குக் கொஞ்சம் பயம் என்று, முடிந்தவரை சின்ன வார்த்தைகளில் சொன்னேன். மச்சான் தலையைக் குனிந்து சேவு தின்றுகொண்டிருந்தார்.

யாழினி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீங்க எந்த வருஷம் பொறந்தீக?" என்றாள். சொன்னேன். அவள் வகுப்பில் அப்போதுதான் பெரிய எண்களைக் கழிக்கச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். எதைக் கண்டாலும் கழித்துக்கொண்டிருந்தாள். ஸ்டூலிலிருந்து இறங்கி, வீட்டுப்பாட நோட்டில் இந்த வருஷத்தை மேலே எழுதினாள், என் வருஷத்தைக் கீழே எழுதினாள். நாக்கைக் கடித்தபடி கழித்தாள்.

"நாப்பத்தெட்டு" என்றாள்.

"நாப்பத்தொம்பது வரணும் தாயி. பக்கத்துல கடன் வாங்கினியா?"

"வாங்குனேன்."

"மறுபடி போடு."

மறுபடி போட்டாள். நாற்பத்தெட்டு. மச்சான் போனை எடுத்துத் தட்டினார். "பிள்ள சரியாத்தான் போட்டிருக்கு மாப்ள. இந்த மார்கழிக்கு உமக்கு நாப்பத்தெட்டுதான். நாப்பத்தொம்பது எங்கேருந்து வந்துச்சு?"

எங்கேயிருந்து வந்தது?

என் மேசையிலிருந்து வந்தது. அன்று புரூஃப் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டபோது, தலைமேல் அச்சாகியிருந்த வருஷத்திலிருந்து என் பிறந்த வருஷத்தைக் கழித்திருக்கிறேன். தாளில் இருந்தது அடுத்த வருஷம். என் மேசையில் வேறு வருஷமே கிடையாது.

நடைப்பயிற்சி, சாயம், ரத்தம், ஒயர், கைவிட்ட பரோட்டா எல்லாம் ஒரு வருஷம் முன்கூட்டியே நடந்துவிட்டன. எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்து லோடு ஏற்றிவிடுவது வழக்கம்தான். பயத்தையும் அப்படி ஏற்றிவிட்டேன்.

மாரீஸ்வரி சேலை முந்தியை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்குத் திடீரென்று ஏதோ தோன்றிவிட்டது.

"இருங்க. அப்ப அடுத்த வருஷமும் இந்தக் கூத்துதானா? நடக்கேன், மை பூசுறேன்னு மறுபடியும் மொதல்லேருந்தா?"

"அப்படித்தான் வருது."

"அதெல்லாம் முடியாது. இந்த வருஷம் பயந்ததுதான் கணக்கு. அடுத்த வருஷத்துக்கும் சேத்துப் பயந்தாச்சு. போதும்."

"நல்ல தீர்ப்பு" என்றார் மச்சான்.

யாழினி சிரிக்கவில்லை. அவள் சரியான கேள்வியில் போய் நின்றிருந்தாள். பீரோ மேல் சாத்தி வைத்திருந்த மாதிரிக் காலண்டரைக் காட்டினாள்.

"அப்ப இந்தக் காலண்டர் இல்ல, அந்தக் காலண்டராப்பா?"

எனக்கு வாய் நிறைய கேலி வந்தது. விழுங்கினேன்.

"அந்தக் காலண்டர அப்பா முழுசாப் படிச்சுப் பாத்துட்டேன் தாயி. ஒரு நாள் விடாமப் பாத்தேன். எல்லா நாளும் ஒழுங்கா இருக்கு."

"அதுல நீங்க இருக்கீகளா?"

"அத அதுல போட மாட்டாங்க. யாருக்குமே போட மாட்டாங்க. உனக்கு, எனக்கு, அம்மாவுக்கு, மாமாவுக்கு. அதனாலதான் தினமும் ஒண்ணு ஒண்ணாக் கிழிச்சுப் பாக்கோம்."

நல்ல பதிலா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. வேறு பதில் என்னிடம் இல்லை என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மறுபடி ஸ்டூலில் ஏறிக் காலண்டர் பக்கமாகத் திரும்பி நின்றாள்.

விட்டுப்போன தாள்கள்

மொத்தமாகக் கிழிக்கப் போனவளை மாரீஸ்வரி தடுத்தாள். "ஒண்ணு ஒண்ணாத்தான உங்கப்பா சொன்னாரு?"

சர்ரென்று ஆடிப்பெருக்கு போனது. தாளை வாங்கிக் கசக்கும் வேலை முகிலுக்கு.

"இது ஆடிக்காத்துல அப்பா வேட்டி பறந்து எதுத்த வீட்டு வேப்பமரத்துல மாட்டுன அன்னைக்கு" என்றாள் யாழினி.

"எந்த வேட்டி?" என்றேன். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

சர்.

"இது முகில் மூக்குக்குள்ள பட்டாணி போட்டுக்கிட்ட அன்னைக்கு."

"எப்ப போட்டான்?"

"என்னங்க, நீங்கதான தலைகீழாப் புடிச்சீக!" என்றாள் மாரீஸ்வரி.

சர். இது பக்கத்து வீட்டுப் பூனை எங்கள் அரிசி டிரம்முக்குள் குட்டி போட்ட நாள். சர். இது யாழினி பள்ளிக்கூடத்தில் மேடையேறித் திருக்குறள் சொன்ன நாள். இது கரண்ட் போய், மாரீஸ்வரி மெழுகுவர்த்தி தேடும்போது சுவரில் முட்டிக்கொண்டு எல்லாரும் சிரித்த நாள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் ஒவ்வொரு நாளிலும் இருந்திருக்கிறேன். மரத்தடியில், பிள்ளையின் காலைப் பிடித்தபடி, மேடைக்கு முன்னால் நாற்காலியில். எனக்குத்தான் ஒன்றும் நினைவில்லை.

"இம்புட்டு நடந்திருக்கு. நான் எங்க போயிருந்தேன்?"

"அடுத்த வருஷத்துல இருந்தீக" என்றாள் மாரீஸ்வரி. அவள் குரலில் கேலி இருந்தது. கேலி மட்டும் இல்லை.

கடைசியில் அன்றைய தாள் வந்தது. ஆவணி ஞாயிறு, சிவப்பு எழுத்து. யாழினி குனிந்து அடியில் ராசிபலனைப் படித்தாள். எழுத்துக் கூட்டுகிற வயது தாண்டிவிட்டது, நன்றாகவே படிப்பாள்.

"அப்பா, உங்க ராசி ரிஷபந்தான?"

"ஆமா."

"பயம்னு போட்டிருக்கு."

போன வருஷம் இதே கையால் சரிபார்த்து அனுப்பிய சொல். நான் ஏதாவது சொல்வதற்குள் சர்ரென்று அந்தத் தாளையும் கிழித்துவிட்டாள். அடியில் திங்கட்கிழமை வந்து நின்றது. ரிஷபம், நன்மை.

"இது நல்லாருக்கு" என்றாள்.

"அது சரி, அப்பனுக்குத் தப்பாமப் பொறந்திருக்கு. ஒரே அச்சு" என்று தலையில் கைவைத்துக்கொண்டாள் மாரீஸ்வரி. "நாளைக்கே குடிபோயாச்சு."

அடுப்படிக்குப் போய்ச் சட்டியிலிருந்து நாலு சோற்றுப் பருக்கை எடுத்து வந்தாள். முகிலின் பிடிக்குள்ளிருந்து தாளை மீட்டு, தொடையில் வைத்துத் தேய்த்து நீவினாள். பின்னால் பருக்கையை நசுக்கித் திங்கட்கிழமையின் மேல் ஒட்டினாள். ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் கோணலாக, சுருக்கங்களோடு, மறுபடியும் சுவருக்கு வந்தது.

"பயமோ நன்மையோ, இன்னிக்குப் பொழுத இன்னிக்குப் போக்குங்க. மத்தியானம் ஆட்டுக்கறி" என்றாள்.

"அப்ப எனக்கு நாளு?" என்றார் மச்சான் பரிதாபமாக.

நான் பொட்டலத்தை இழுத்து ஒரு கைப்பிடி சேவை வாயில் போட்டேன். அவ்வளவு மாதம் முகர்ந்ததற்கு அது ஈடாகவில்லை. இன்னொரு பிடியும் போட்டேன். முகில் சற்றுத் தள்ளி நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். வழக்கம்போலச் சட்டையில் ஒரு பொத்தான் இடம் மாறியிருந்தது, ஒரு தோள் தூக்கியிருந்தது. அவன் கேட்கவில்லை. கேட்பதை விட்டுத்தான் நாளாயிற்றே.

"ஏலே, இங்கன வா. உப்புமூட்ட ஏறு."

"நாளைக்கா?" என்றான்.

"இன்னைக்கு."

அவனுக்கு முதுகைக் காட்டிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். வலது முழங்கால் கூடமே கேட்கிற மாதிரி 'படார்' என்றது.

"என்ன மாப்ள சத்தம்? நம்ம சிவகாசிச் சரக்கா?"

"ஆமா மச்சான். பழைய ஸ்டாக்கு."

"பரவால்ல, புஸ்ஸாப் போகாம வெடிச்சுதே" என்றார்.

முகில் ஓடிவந்து முதுகில் விழுந்தான். அவன் கை என் கழுத்தை இறுக்கிற்று. வத்தல் நெடியில் என் காதுக்குள்ளேயே தும்மினான். யாழினி ஸ்டூலிலிருந்து குதித்து வந்து, நான் விழுந்துவிடாமல் பின்னாலிருந்து இரண்டு கைகளாலும் முட்டுக் கொடுத்தாள். நெஞ்சு படபடவென்று அடித்தது. அடிக்கட்டும் என்று சுவரைப் பிடித்தேன். அப்பாவின் போட்டோவுக்குச் சரியாகக் கீழே.

எழுந்து நின்றேன்.